கியூப்ஸ் ஓஎஸ்ஸில் டிஸ்க் இடத்தைப் பங்கிட்டு நிர்வகிக்கும் முறை

ஒவ்வொரு வேலையையும் கியூப் எனப்படும் தனித்தனி மெய்நிகர் கணினிகளில் பிரித்து ஓட்டும் இயங்குதளமான கியூப்ஸ் ஓஎஸ்ஸில் இடம் போதவில்லை என்ற செய்தி வந்தவுடன், எத்தனை ஜிபி கூட்டலாம் என்று கணக்குப் போடுவதற்கு முன், எந்த அடுக்கில் இடம் தீர்ந்தது என்பதைக் கண்டறிய வேண்டும். ஒரு கியூபுக்குக் குறித்த உச்சவரம்பு நிறைந்திருக்கலாம். எல்லாக் கியூபுகளும் பகிர்ந்துகொள்ளும் பொதுச் சேமிப்பான பூல் நிறைந்திருக்கலாம். அல்லது எல்லாக் கியூபுகளையும் ஆளும் நிர்வாகப் பகுதியான டாம்0-வின் சொந்த ரூட் பகுதி, அதாவது அதன் இயங்குதள ஃபைல்கள் இருக்கும் இடம், நிறைந்திருக்கலாம். திரையில் தோன்றும் அறிகுறிகள் மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஃபைல் சேமிக்கப்படாது, அப்டேட் பாதியில் நிற்கும், கியூப் திறக்க மறுக்கும். ஆனால் தீர்வுகள் வேறு வேறானவை. பூல் நிறைந்திருக்கும்போது ஒரு கியூபின் வரம்பை உயர்த்துவது, இல்லாத இடத்தை எழுதித் தீர்க்க அந்தக் கியூபுக்கு அனுமதி கொடுப்பதில்தான் முடியும்.

இங்கே சொல்லப்படுபவை 4.1 முதலான பதிப்புகளில், நிறுவியின் இயல்புத் தேர்வான, எழுத எழுத மட்டுமே இடம் எடுக்கும் எல்விஎம் தின் பூல் அமைப்பை அடிப்படையாகக் கொண்டவை. நிறுவும்போது பிடிஆர்எஃப்எஸ் என்ற வேறு ஃபைல் சிஸ்டத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு எல்விஎம் கட்டளைகள் பொருந்தா. ஆயினும் வால்யூம்கள் எனப்படும் டிஸ்க் பகுதிகளைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் பொருந்தும். கட்டளைப் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன்; டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

குறித்த அளவும் எடுத்த இடமும்

ஒரு கியூபுக்கு 100 ஜிபி என்று செட்டிங்ஸில் குறித்தால், டிஸ்க்கில் அந்த நொடியே 100 ஜிபி ஒதுக்கி வைக்கப்படுவதில்லை. கியூப் எழுத எழுதத்தான் பூலிலிருந்து பிளாக்குகள் எடுக்கப்படுகின்றன. குறித்த அளவு ஓர் உச்சவரம்பு மட்டுமே. ஆகவே 500 ஜிபி டிஸ்க் உள்ள கணினியில் எல்லாக் கியூபுகளின் வரம்புகளையும் கூட்டினால் 2 டிபி வருவதை கியூப்ஸ் தடுக்காது. இது வசதிதான், பல கியூபுகளை அஞ்சாமல் உருவாக்கிப் பிரித்து வாழும் பாதுகாப்பு முறைக்கு இந்த மெத்தனமான கணக்கு இல்லாமல் முடியாது. ஆனால் உள்ளிருக்கும் கியூபுக்கு இந்த உண்மை தெரியாது. தனக்கு இன்னும் 60 ஜிபி மீதமிருப்பதாக அது நம்பிக்கொண்டிருக்கும்போதே, அடியிலுள்ள பூல் தீர்ந்துபோகக்கூடும்.

ஒவ்வொரு கியூபிலும் ரூட், பிரைவேட், வோலடைல், கெர்னல் என நான்கு வால்யூம்கள் உண்டு. மென்பொருள்களை ஒரே இடத்தில் நிறுவிப் பகிர உதவும் மூலக் கியூபான டெம்ப்ளேட்டைச் சார்ந்த சாதாரண ஆப் கியூபில், ரூட் என்பது டெம்ப்ளேட்டின் ரூட்டிலிருந்து எடுக்கப்பட்ட ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நேரத்து நிலையின் நகல். அதில் எழுதுவதெல்லாம் கியூப் நிறுத்தப்பட்டவுடன் மறைந்துவிடும். பிரைவேட் வால்யூமில்தான் ஹோம் டைரக்டரியும் யூஎஸ்ஆர்-லோக்கலும் ஆர்டபிள்யூ-வின் கீழுள்ள அமைப்பு ஃபைல்களும் நிலைத்திருக்கும். இதன் இயல்பு அளவு 2 ஜிபி. வோலடைல், ஸ்வாப் போன்ற தற்காலிகத் தேவைகளுக்கானது. கெர்னல் வால்யூமை நாம் தொடத் தேவையில்லை.

இந்தப் பிரிவினையை மனத்தில் வைத்துக்கொண்டால் பல குழப்பங்கள் தாமே தீரும். ஆப் கியூபுக்குள் ஒரு மென்பொருளை நிறுவி, ரூட்டில் இடமில்லை என்று செய்தி வந்தால், அந்தக் கியூபின் பிரைவேட் அளவைக் கூட்டிப் பயனில்லை. கூட்ட வேண்டியது டெம்ப்ளேட்டின் ரூட். மூடியதும் அழிந்துபோகும் டிஸ்போசபிள் கியூபில் ஒரு பெரிய ஃபைலை இறக்கும்போது பாதியில் நின்றுபோனால், அதன் அடிப்படையான டிஸ்போசபிள் டெம்ப்ளேட்டின் பிரைவேட் அளவைக் கூட்ட வேண்டும். ஏனெனில் டிஸ்போசபிள்கள் அந்த 2 ஜிபி வரம்பை அப்படியே பெற்றுக்கொள்கின்றன.

எங்கே நிறைந்தது என்று பார்த்தல்

முதலில் சிக்கல் எழுந்த கியூபின் டெர்மினலில் டிஎஃப் கட்டளையை ஹெச் என்ற விருப்பத்துடன் ஓட்ட வேண்டும். ஆர்டபிள்யூ என்ற இடத்தில் ஏற்றப்பட்டிருக்கும் எக்ஸ்விடிபி, பிரைவேட் வால்யூம்; ரூட் என்ற வரி எக்ஸ்விடிஏ-வைச் சார்ந்தது. இவற்றில் ஒன்று நூறு விழுக்காட்டை நெருங்கியிருந்தால் சிக்கல் அந்தக் கியூபோடு நிற்கிறது. இரண்டிலும் தாராளமாக இடமிருந்தும் எழுத முடியவில்லை என்றால் டாம்0-வுக்குச் செல்ல வேண்டும்.

டாம்0-வின் பேனலில் உள்ள டிஸ்க் ஸ்பேஸ் மானிட்டர், பூல்களின் நிரம்பிய அளவைக் காட்டும். அது போதுமானதே என்றாலும், டெர்மினலில் நிர்வாக அனுமதி தரும் சூடோவுடன் எல்விஎஸ் கட்டளையை ஓட்டிப் பார்ப்பதை நான் வலியுறுத்துவேன். கியூப்ஸ்_டாம்0 என்ற வால்யூம் குரூப்பில் விஎம்-பூல், ரூட்-பூல் என்று இரண்டு வரிகள் தென்படும். முதலாவது கியூபுகளுக்கு, இரண்டாவது டாம்0-வுக்கு. 4.1-க்கு முந்தைய பதிப்புகளில் இரண்டும் ஒரே பூலைப் பகிர்ந்தன. கியூபுகள் இடத்தைத் தின்றால் டாம்0-வும் சேர்ந்து விழும். பழைய நிறுவலை அப்படியே மேம்படுத்தி வந்தவர்களிடம் அந்த ஒற்றைப் பூல் இன்னும் இருக்கலாம் என்பதால், எத்தனை பூல்கள் தென்படுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்விஎஸ் காட்டும் அட்டவணையில் டேட்டா, மெட்டா என்று இரண்டு விழுக்காட்டு நெடுவரிசைகள் இருக்கும். எல்லோரும் டேட்டாவை மட்டும் பார்ப்பார்கள். எந்த பிளாக் எந்த வால்யூமுக்குரியது என்ற கணக்கேடுதான் மெட்டாடேட்டா. கியூபுகளும் ஸ்னாப்ஷாட்டுகளும் பெருகப் பெருக அது தனியே வளரும். டேட்டாவில் பாதி இடம் மீதமிருக்கும்போதே மெட்டாடேட்டா நிறைந்துவிட முடியும். அப்போது பூல் முழுவதும் எழுத முடியாத நிலைக்குப் போய், பழுது பார்க்காமல் மீளாது. இரண்டில் எது 80 விழுக்காட்டைத் தாண்டினாலும் அன்றே கவனிப்பது நல்லது.

வரம்பைக் கூட்டுதல்

கியூப் மேனேஜரில் உரிய கியூபின் செட்டிங்ஸைத் திறந்து, பேசிக் பகுதியில் பிரைவேட் ஸ்டோரேஜ், சிஸ்டம் ஸ்டோரேஜ் ஆகியவற்றின் உச்ச அளவை மாற்றலாம். டெர்மினலில் செய்ய விரும்பினால், டாம்0-வில் கியூவிஎம்-வால்யூம் எக்ஸ்டெண்ட் என்று தொடங்கி, கியூபின் பெயர், இடைவெளியின்றி ஒரு முக்காற்புள்ளி, அதை ஒட்டி பிரைவேட் என்ற சொல், பிறகு ஓர் இடைவெளி விட்டு அளவு என்ற வரிசையில் கொடுக்க வேண்டும். அங்கே தருவது புதிய மொத்த அளவு. கூட்ட விரும்பும் அளவன்று. 10 ஜிபி உள்ள கியூபுக்கு மேலும் 5 ஜிபி வேண்டுமானால், அலகையும் எண்ணோடு சேர்த்து 15 ஜிபி என்று தர வேண்டும்.

லினக்ஸ் கியூபுகளில் வால்யூம் வளர்ந்தவுடன் அதனுள்ளிருக்கும் ஃபைல் சிஸ்டமும் தானாகவே வளரும். கியூப் ஓடிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும். அரிதாக அவ்வாறு நடக்காவிட்டால், கியூபுக்குள் சென்று ரீசைஸ்2எஃப்எஸ் கட்டளையை எக்ஸ்விடிபி-யின் மேல் சூடோவுடன் ஓட்டினால் போதும். விண்டோஸ் கியூபில் அதன் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியைத் திறந்து பார்ட்டிஷனைக் கையால் நீட்ட வேண்டும். டெம்ப்ளேட்டின் ரூட்டைக் கூட்டும்போது, டெம்ப்ளேட்டை ஒருமுறை திறந்து நிறுத்தி, அதைச் சார்ந்த கியூபுகளையும் மறுபடி தொடங்கினால்தான் புதிய அளவு அவற்றுக்குத் தெரியும்.

கூட்டும் முன் ஓர் எச்சரிக்கை. கூட்டுவது எளிது, குறைப்பதற்கு நேரான வழியே இல்லை. எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்க வேண்டுமானால் அது ஏற்றப்படாத நிலையில், வெளியிலிருந்துதான் செய்ய முடியும். கியூப்ஸில் அந்த வெளி என்பது டாம்0. நம்பத்தகாத ஒரு கியூப் எழுதி வைத்திருக்கும் ஃபைல் சிஸ்டத்தை டாம்0-வின் கெர்னல் திறந்து படித்தால், அதில் வேண்டுமென்றே கோணலாக அமைக்கப்பட்ட ஓர் அமைப்பு, கணினி முழுவதையும் ஆளும் பகுதியையே தாக்கக்கூடும். கியூப்ஸின் முழுக் கட்டுமானமும் இந்த ஒன்றைத் தவிர்ப்பதற்காக எழுந்தது. ஆகையால் இணையத்தில் எங்கேனும் கியூபின் வால்யூமை டாம்0-வில் மவுண்ட் செய்து சுருக்கும் வழிமுறையைக் கண்டால், அதைப் பின்பற்ற வேண்டாம். சிறிய வரம்புள்ள புதிய கியூபை உருவாக்கி, கியூவிஎம்-காப்பி வழியாக ஃபைல்களை அங்கே அனுப்பி, சரிபார்த்தபின் பழையதை நீக்குவதே சரியான முறை. வரம்பு பெரிதாக இருந்தாலும் கியூப் எழுதாத வரையில் இடம் செலவாகாது என்பதால், பல நேரங்களில் இந்தச் சிரமம் தேவையே இல்லை.

அழித்த பிறகும் இடம் திரும்பாதது ஏன்

ஒரு கியூபில் 30 ஜிபி ஃபைல்களை அழித்துவிட்டு டாம்0-வில் பார்த்தால், பூலின் அளவு அசையாமல் நிற்கும். புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான்.

கியூப் தொடங்கும்போது, அதன் பிரைவேட் வால்யூமிலிருந்து ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்டு, அந்த ஸ்னாப்ஷாட்டில்தான் கியூப் எழுதுகிறது. கியூப் நிறுத்தப்படும்போது ஸ்னாப்ஷாட் புதிய பிரைவேட் வால்யூமாகப் பதவி ஏற்கிறது. பழையது பேக் என்று முடியும் பெயரோடு ஒரு ரிவிஷனாக வைத்துக்கொள்ளப்படுகிறது. இயல்பாக ஒரு ரிவிஷன் காக்கப்படும். தவறுதலாக எதையேனும் அழித்துவிட்டால், கியூபை நிறுத்திவிட்டு கியூவிஎம்-வால்யூம் ரிவர்ட் கட்டளையால் அந்தப் பழைய நிலைக்குத் திரும்ப முடிவது இதனால்தான். அதற்கான விலை இடம். 30 ஜிபி-யை அழித்த பிறகு கியூபை நிறுத்தினால், அந்த 30 ஜிபி-யும் ரிவிஷனுக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். கியூபை மறுபடி தொடங்கி மறுபடி நிறுத்தினால்தான் அந்த ரிவிஷன் நீக்கப்பட்டு, இடம் பூலுக்குத் திரும்பும். ஆகவே பெரிய அழிப்புக்குப் பின் இருமுறை நிறுத்துவதை வழக்கமாகக் கொள்ளலாம்.

பெரிய வீடியோக்களோ தற்காலிகத் தரவுகளோ அடிக்கடி வந்து போகும் ஒரு கியூபுக்கு ரிவிஷன் தேவையில்லை என்று தோன்றினால், கியூவிஎம்-வால்யூம் கான்ஃபிக் கட்டளையால் அதன் பிரைவேட் வால்யூமுக்கு ரிவிஷன்ஸ்_டு_கீப் என்ற மதிப்பைச் சுழியமாக்கலாம். ஆவணங்களும் கடவுச்சொற்களும் இருக்கும் கியூபுகளில் அவ்வாறு செய்ய நான் பரிந்துரைக்கமாட்டேன். அவை சிறியவை, காக்கும் செலவும் சிறியது.

டெம்ப்ளேட்டுக்கும் இதே விதி பொருந்தும், சிறு திருப்பத்துடன். டெம்ப்ளேட்டை அப்டேட் செய்து நிறுத்திய பின்பும், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் கியூபுகள் பழைய ரூட்டின் ஸ்னாப்ஷாட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றை மறுதொடக்கம் செய்யும்வரை பழைய பிளாக்குகளும் விடுபடா, பாதுகாப்புத் திருத்தங்களும் அவற்றை எட்டா.

அடுத்தது டிஸ்கார்ட். கியூபுக்குள் ஒரு ஃபைல் அழிந்ததை அடியிலுள்ள பூலுக்குத் தெரிவிப்பது டிஸ்கார்ட் என்ற செய்தி. கியூப்ஸின் லினக்ஸ் டெம்ப்ளேட்டுகளில் ரூட்டும் பிரைவேட்டும் இயல்பாகவே டிஸ்கார்ட் விருப்பத்துடன் மவுண்ட் ஆவதால் தனியே எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐயமிருந்தால் கியூபுக்குள் எஃப்எஸ்ட்ரிம் கட்டளையை ஒருமுறை ஓட்டலாம். டாம்0-வின் ரூட்டுக்கும் அவ்வாறே. இந்தச் செய்தி பூல்வரை வந்தாலே கியூபுகளுக்கு இடம் கிடைத்துவிடும். பூலைத் தாண்டி, டிஸ்க் முழுவதையும் மறையாக்கும் லக்ஸ் என்கிரிப்ஷன் அடுக்கைக் கடந்து எஸ்எஸ்டி வரை அதை அனுப்புவது வேறொரு முடிவு. அனுப்பினால் எஸ்எஸ்டி-யின் வேகத்துக்கும் ஆயுளுக்கும் நல்லது. ஆனால் டிஸ்க்கைக் கைப்பற்றிப் பார்க்கும் ஒருவருக்கு, எந்தப் பகுதிகள் பயன்பாட்டில் உள்ளன, எவை வெறுமை என்ற வரைபடம் என்கிரிப்ஷனை மீறித் தெரியும். உள்ளடக்கம் தெரியாது, பயன்பாட்டின் அளவும் வடிவமும் தெரியும். உங்கள் கணினியில் இது எவ்வாறு உள்ளது என்பதை கணினி தொடங்கும்போது திறக்க வேண்டிய என்கிரிப்ட் டிஸ்க்குகளைப் பட்டியலிடும், டாம்0-வின் கிரிப்ட்டேப் ஃபைலில் டிஸ்கார்ட் என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்து அறியலாம். இடம் மீட்பதற்காக மட்டும் இதை இயக்க வேண்டிய தேவை இல்லை.

இடம் வீணாகும் வழக்கமான இடங்கள்

பயன்படுத்தாத டெம்ப்ளேட்டுகளே முதலிடம். புதிய ஃபெடோரா அல்லது டெபியன் டெம்ப்ளேட்டுக்கு மாறிய பின் பழையதை அப்படியே விட்டுவைப்பது பொதுவான பழக்கம். எல்லாக் கியூபுகளையும் டிஸ்போசபிள் டெம்ப்ளேட்டுகளையும் புதியதற்கு மாற்றியதை உறுதி செய்துகொண்டு, கியூவிஎம்-டெம்ப்ளேட் ரிமூவ் கட்டளையால் நீக்கலாம்.

ஸ்டாண்டலோன் கியூபுகளைத் தேவையின்றிப் பெருக்குவதும் இடத்தைத் தின்னும். ஆப் கியூபுகள் டெம்ப்ளேட்டின் ரூட்டைப் பகிர்ந்துகொள்ள, ஸ்டாண்டலோனுக்குத் தனி ரூட் உண்டு. உருவாக்கிய நாளில் அதன் பிளாக்குகளும் மூலத்தோடு பகிரப்பட்டிருக்கும். ஆனால் ஒவ்வோர் அப்டேட்டும் இரு பக்கமும் தனித்தனியே எழுதப்படுவதால், சில மாதங்களில் பகிர்வு கரைந்து முழு எடையும் பூலின் மேல் விழும். டெம்ப்ளேட்டைக் குளோன் செய்து வைப்பதற்கும் இது பொருந்தும்.

மென்பொருள்களைத் தனித்தனிப் பொதிகளாக இறக்கி ஓட்டும் டாக்கர் போன்றவை வேறு வகை. ஆப் கியூபில் அவை தம் தரவை வார்-லிப்பின் கீழ், அதாவது மறைந்துபோகும் ரூட்டில் எழுதும். கியூப் நின்றதும் எல்லாம் போய், மறுபடி இறக்கம், மறுபடி எழுத்து. ஆர்டபிள்யூ-வின் கான்ஃபிக் பகுதியில் பைண்ட்-டிர்ஸ் அமைப்பின் மூலம் அந்த டைரக்டரியைப் பிரைவேட் வால்யூமுக்கு மாற்றி, பிரைவேட்டின் வரம்பைத் தேவைக்கேற்ப உயர்த்திக்கொள்வது நேர்த்தியானது.

டாம்0-வே நிறைந்துவிட்டால்

டாம்0-வின் ரூட்டுக்கு நிறுவி ஏறத்தாழ 20 ஜிபி மட்டுமே கொடுக்கிறது. அங்கே ஃபைல்களைச் சேமிக்கக் கூடாது என்ற விதியைக் கடைப்பிடிப்பவர்களுக்கு அது போதும். நிறைந்துவிட்டால் டெஸ்க்டாப்புக்குள் நுழையவே முடியாமல் போகலாம். அப்போது கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 விசைகளைச் சேர்த்து அழுத்தி எழுத்து கன்சோலில் நுழையலாம். ஜர்னல்சிடிஎல் கட்டளையின் வேக்யூம்-சைஸ் விருப்பத்தால் பதிவேடுகளைச் சுருக்குவதும், டிஎன்எஃப் கிளீன் ஆல் கட்டளையும், ஹோமிலும் வார்-டிஎம்பி-யிலும் பாதியில் நின்ற பேக்கப் மீட்பின் எச்சங்கள் இருந்தால் அவற்றை நீக்குவதும் பெரும்பாலும் போதுமானவை. ஸ்க்ரீன்ஷாட்டுகள் டாம்0-வில் குவிவதையும் பார்க்க வேண்டும்.

பூல் நிறைந்த அவசர நிலை

விஎம்-பூலின் டேட்டா நூறைத் தொட்டால், எழுத முயலும் கியூபுகள் முதலில் உறைந்து நிற்கும்; இயல்பமைப்பில் 60 விநாடிகள் காத்திருந்தபின் எழுத்துப் பிழைகள் அவற்றின் ஃபைல் சிஸ்டங்களுக்குத் திருப்பி அனுப்பப்படும். சேதம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த நிலையில் கியூபுக்குள் சென்று ஃபைல்களை அழிப்பது இயல்பாகத் தோன்றும் செயல், அது உதவாது. அழிப்பும் ஃபைல் சிஸ்டத்தின் கணக்கேட்டில் ஓர் எழுத்துதான். ரிவிஷனோடு பகிரப்பட்ட பிளாக்கில் எழுத வேண்டுமானால் புதிய பிளாக் வேண்டும். அழிந்தவையோ ரிவிஷனில் தங்கிவிடும். முழு வால்யூம்களை விடுவிப்பதே பயன் தரும். முதலில் எல்லா டிஸ்போசபிள்களையும் மூட வேண்டும். இழப்பின்றி இடம் வரும் வழி அது. பிறகு பயனற்ற டெம்ப்ளேட்டுகள், பேக்கப் எடுக்கப்பட்டுவிட்ட பழைய கியூபுகள் என்ற வரிசையில் நீக்கலாம். சில விழுக்காடு இடம் கிடைத்தபின், மற்றக் கியூபுகளை ஒவ்வொன்றாக நிறுத்தித் தொடங்க வேண்டும்.

மெட்டாடேட்டா நிறையும் நிலையில் இருந்தால், விஜிஎஸ் கட்டளையால் வால்யூம் குரூப்பில் ஒதுக்கப்படாத இடம் உள்ளதா என்று பார்த்து, எல்விஎக்ஸ்டெண்ட் கட்டளையின் பூல்மெட்டாடேட்டாசைஸ் விருப்பத்தால் சில நூறு எம்பி கூட்டலாம். ஒதுக்கப்படாத இடம் இல்லையென்றால், டாம்0-வின் ஸ்வாப்பை நிறுத்தி, அதன் வால்யூமைச் சுருக்கி, எம்கேஸ்வாப்பால் மறுபடி அமைத்து, விடுபட்ட இடத்தை மெட்டாடேட்டாவுக்குத் தருவது நடைமுறை வழி. இதை நிறைவதற்கு முன் செய்தால் ஐந்து நிமிட வேலை.

இரண்டாவது டிஸ்க்கைப் பூலாகச் சேர்த்தல்

எவ்வளவு சீர்செய்தாலும் தேவை டிஸ்க்கை மிஞ்சினால், கணினிக்குள் இன்னொரு டிஸ்க்கைப் பொருத்தலாம். யூஎஸ்பி டிஸ்க் இதற்கு ஏற்றதன்று: யூஎஸ்பி கன்ட்ரோலர்கள் சிஸ்-யூஎஸ்பி என்ற தனிக் கியூபில் அடைக்கப்பட்டிருப்பது டாம்0-வைக் காப்பதற்காகவே, பூலுக்காக அதை டாம்0-வோடு இணைத்தால் அந்த அரண் போய்விடும். யூஎஸ்பி டிஸ்க்கை பேக்கப்புக்கும், ஒரு கியூபோடு இணைத்துப் பழைய ஆவணங்களை அதில் ஒதுக்குவதற்கும் பயன்படுத்தலாம்.

உள்ளே பொருத்திய டிஸ்க்கில், டாம்0-வில் கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்ஃபார்மட்டால் என்கிரிப்ட் செய்து திறந்து, அதன் மேல் பிவிகிரியேட், விஜிகிரியேட் ஆகியவற்றை ஓட்டி, எல்விகிரியேட்டால் தின் பூல் ஒன்றை உருவாக்க வேண்டும். லக்ஸ்ஃபார்மட் கேட்கும் உறுதிமொழிக்கு விடையளிக்கும் முன், டிஸ்க்கின் பெயரை எல்எஸ்பிஎல்கே கட்டளையால் மறுமுறை பார்க்கவும். அந்தக் கட்டளைக்குத் திரும்பும் வழி இல்லை. பூலின் கொள்ளளவு முழுவதையும் உருவாக்கும்போதே டேட்டாவுக்குக் கொடுத்துவிடாமல் இரண்டு மூன்று ஜிபி-யை ஒதுக்காமல் விட்டால், மெட்டாடேட்டா வளரும் நாளில் கைகொடுக்கும். அதன்பின் கியூவிஎம்-பூல் ஆட் கட்டளைக்குப் புதிய பெயர், எல்விஎம்_தின் என்ற வகை, வால்யூம் குரூப்பின் பெயர், தின் பூலின் பெயர் ஆகியவற்றைத் தந்தால் கியூப்ஸ் அதை ஏற்றுக்கொள்ளும்.

புதிய கியூபுகளை உருவாக்கும்போது பெரிய பி விருப்பத்தால் அந்தப் பூலைக் குறிப்பிடலாம். ஏற்கெனவே உள்ள கியூபை நேரடியாக நகர்த்த முடியாது. கியூவிஎம்-குளோன் கட்டளையை அதே விருப்பத்துடன் ஓட்டி, குளோனைத் திறந்து சரிபார்த்தபின் மூலத்தை நீக்க வேண்டும். பெயர் மாறுவதால், எட்சி-கியூப்ஸின் பாலிசி ஃபைல்களில் பழைய பெயரைக் குறித்த விதிகள் இருந்தால் அவற்றையும் திருத்த வேண்டும். இல்லையேல் அனுமதிகள் ஓசையின்றி மாறிப்போகும். கடைசியாக, புதிய டிஸ்க்கின் தனி அடையாளமான யூயூஐடி-யைக் கிரிப்ட்டேப் ஃபைலில் சேர்த்து, கணினி தொடங்கும்போதே அது திறக்கும்படி செய்ய வேண்டும். சேர்க்கத் தவறினால் அந்தப் பூலிலுள்ள கியூபுகள் பட்டியலில் தெரிந்தும் தொடங்க மறுக்கும். தரவு அழிந்ததாக அஞ்ச வேண்டியதில்லை, டிஸ்க்கைக் கையால் திறந்து வால்யூம் குரூப்பை விஜிசேஞ்ச் கட்டளையால் செயல்படுத்தினால் அவை மீண்டும் இயங்கும்.